1712210: ஓர் எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரிய எண் ஒன்றைக் கையில் கொடுத்து "இதன் பண்புகளைச் சொல்" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் அது இரட்டைப்படை, ஐந்தால் வகுபடும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் போவதற்குத் தாளும் பேனாவும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். எந்த எண்ணை எடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. வாய்க்கு வந்த எண்ணை எடுக்காமல், பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் வீடுகளில் பலருடைய நாவில் தினமும் புரளும் எண்ணையே எடுத்துக்கொள்வோம். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது எண் என்பது தெரியாது.

பாலக்காட்டின் கல்பாத்தியிலும் நூரணியிலும் நாராயணீயம் வாசிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி குருவாயூரப்பன் மீது பாடிய நூறு தசகங்கள் (ஏறக்குறையப் பத்துச் செய்யுள் கொண்ட தொகுதிகள்) அவை. நூறாவது தசகத்தின் கடைசிச் சொல் "ஆயுராரோக்யஸௌக்யம்". நீண்ட ஆயுள், நோயின்மை, சுகம் என்று வாழ்த்துவது ஒரு பொருள். நூல் முடிந்த நாளைக் கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிக் குறித்து வைத்திருப்பது இன்னொரு பொருள்.

முதல் படி: சொல்லிலிருந்து எண்ணை எடுத்தல்

கேரளத்துக் கணிதர்களும் சோதிடர்களும் எண்களைச் சொற்களாகக் கட்டி வைக்கப் பயன்படுத்திய முறை கடபயாதி. க, ட, ப, ய ஆகிய நான்கு எழுத்துகளும் 1 என்று தொடங்குவதால் அந்தப் பெயர். வடமொழி வரிசையில் க முதல் ஞ வரை பத்து எழுத்துகளுக்கும் 1 முதல் 9, பிறகு 0. ட முதல் ந வரை மறுபடியும் அப்படியே. ப முதல் ம வரை 1 முதல் 5. ய 1, ர 2, ல 3, வ 4, ஶ 5, ஷ 6, ஸ 7, ஹ 8, ள 9. தனித்து நிற்கும் உயிரெழுத்துக்கு 0. கூட்டெழுத்து வந்தால் உயிரோடு ஒட்டியிருக்கும் கடைசி மெய்யை மட்டும் எண்ண வேண்டும். சொல்லின் இறுதியில் நிற்கும் தனி மெய்க்கு மதிப்பு இல்லை. கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுத வேண்டும்.

ஆ 0, யு 1, ரா 2, ரோ 2, க்ய என்பதில் ய மட்டும் 1, ஸௌ 7, க்யம் என்பதில் மறுபடியும் ய 1. வரிசை 0, 1, 2, 2, 1, 7, 1. திருப்பி எழுதினால் 1712210.

தமிழ் எழுத்தில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். நமக்கு இருப்பது ஒரே ஒரு க. அது 1-ஆ, 2-ஆ, 3-ஆ, 4-ஆ? தோத்திரப் புத்தகங்களில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிறு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். அவை இல்லாவிட்டால் பல சொற்களில் வழுக்கிவிடும். சங்கீதம் கற்றவர்கள் அறிந்த எடுத்துக்காட்டு தீரசங்கராபரணம் என்ற ராகம். அந்த "தீ" வடமொழி வரிசையில் நான்காவது த, மதிப்பு 9. "ர" 2. திருப்பினால் 29, அதுவே மேளகர்த்தா (தாய் ராகங்களின் வரிசை) எண். சாதாரண த என்று எடுத்துக்கொண்டால் மதிப்பு 6. விடை 26 ஆகி, சாருகேசி ராகத்தில் போய் நிற்போம். நம் சொல்லில் அந்தச் சிக்கல் இல்லை. எண்ணிக்கையில் சேரும் எழுத்துகள் ஆ, ய, ர, ஸ மட்டுமே. குழப்பம் தரக்கூடிய இரண்டு க-வும் கூட்டெழுத்துக்குள் மறைந்து மதிப்பிழந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். உயிரெழுத்தில் தொடங்கும் எந்தக் கடபயாதிச் சொல்லும் 0 என்ற இலக்கத்தில் முடியும் எண்ணையே தரும். கணக்கைத் தொடங்கும் முன்பே இந்த எண் பத்தின் மடங்கு என்று தெரிந்துவிட்டது.

இரண்டாம் படி: வகுத்துப் பார்க்காமலே மீதியை அறிதல்

17,12,210. பதினேழு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து. இலக்கங்களைக் கூட்டினால் 14. மறுபடியும் கூட்டினால் 5. ஒன்பதால் வகுத்தால் மீதி 5 என்பதே இதன் பொருள் (9 × 190245 = 1712205). மூன்றால் வகுத்தால் மீதி 2. ஆகவே மூன்றும் ஒன்பதும் இதன் காரணிகள் அல்ல.

இந்த ஐந்தை வைத்துக்கொண்டு "புதனுக்கு உகந்த எண்" என்று பலன் சொல்பவர்கள் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரு புறமும் இருக்கிறார்கள். மீதி ஐந்து என்பது மட்டும் எண்ணின் உண்மையான பண்பு. மற்ற எண்களை விட்டுவிட்டு ஏன் ஒன்பதால் மட்டும் வகுக்கிறோம்? நாம் பத்து இலக்கங்களில் எழுதுகிறோம் என்பது தவிர வேறு காரணம் இல்லை. எட்டு விரல்களோடு பிறந்திருந்தால் ஏழால் வகுத்துக்கொண்டிருப்போம், பலனும் மாறியிருக்கும். எண்ணுக்கே உரிய பண்பு எது, அதை எழுதும் முறையால் வருவது எது என்று பிரித்துப் பார்ப்பது இந்த வழிகாட்டி முழுவதும் தேவைப்படும்.

அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம். 7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது 1001-ஐ விட ஒன்று குறைவு என்பதால், எண்ணை வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கங்களாக வெட்டி மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் போதும்:

210 − 712 + 1 = −501

501-ஐ ஏழால் வகுத்தால் மீதி 4; எதிர்மறை எண் என்பதால் 7 − 4 = 3. பதினொன்றால் வகுத்தால் 6, எனவே 5. பதின்மூன்றால் வகுத்தால் 7, எனவே 6. ஒன்றும் பூச்சியம் ஆகவில்லை. ஏழின் மீதியான 3-ஐ மட்டும் ஓர் ஓரத்தில் குறித்து வையுங்கள்; கடைசியில் அது கிழமை சொல்லும்.

மூன்றாம் படி: பகாக் காரணிகள்

இதுதான் வேலையின் நெஞ்சுப் பகுதி. பத்தை வெளியே எடுத்தால்

1712210 = 2 × 5 × 171221

171221 பகாஎண்ணா, பகுஎண்ணா? ஓர் எண்ணுக்கு அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றுகூட இல்லை என்றால் அது பகாஎண். 171221-இன் வர்க்கமூலம் 413-க்குச் சற்று மேல். 413 வரை மொத்தம் 80 பகாஎண்கள் உள்ளன. பயந்துவிட வேண்டாம், எண்பதையும் வகுத்துப் பார்க்கும் நிலை அரிதாகவே வரும். 2, 5 இரண்டும் கடைசி இலக்கம் 1 என்பதால் இல்லை. 3, 7, 11, 13 நான்கும் முழு எண்ணையே வகுக்கவில்லை. எனவே அதன் பகுதியையும் வகுக்காது. இனி வரிசையாக:

17 × 10071 = 171207, மீதி 14
19 × 9011 = 171209, மீதி 12
23 × 7444 = 171212, மீதி 9
29 × 5904 = 171216, மீதி 5
31 × 5523 = 171213, மீதி 8

37-க்கு ஒரு குறுக்கு வழி. 999 என்பது 37 × 27. ஆகவே மும்மூன்றாக வெட்டிக் கூட்டினாலே போதும்: 171 + 221 = 392; 37 × 10 = 370; மீதி 22. தொடர்வோம்.

41 × 4176 = 171216, மீதி 5
43 × 3981 = 171183, மீதி 38
47 × 3643 = 171221, மீதி இல்லை

பிடிபட்டது. இங்கே மாணவர்கள் வழக்கமாக ஒரு வீண் உழைப்பைச் செய்வார்கள்: மிஞ்சிய 3643-ஐ எடுத்துக்கொண்டு மறுபடியும் 2, 3, 5 என்று தொடக்கத்திலிருந்து வகுக்கப் போவார்கள். தேவையே இல்லை. 47-க்குக் கீழே உள்ள எந்தப் பகாஎண்ணும் 171221-ஐ வகுக்கவில்லை. அப்படியானால் அதன் காரணியான 3643-ஐயும் வகுக்காது. தேட வேண்டிய எல்லையும் சுருங்கிவிட்டது. 3643-இன் வர்க்கமூலம் 60-க்குச் சற்று மேல். ஆக 47, 53, 59 மூன்றே பாக்கி.

47 × 77 = 3619, மீதி 24. 53 × 68 = 3604, மீதி 39. 59 × 61 = 3599, மீதி 44. முடிந்தது, 3643 பகாஎண்.

1712210 = 2 × 5 × 47 × 3643

நான்கு வெவ்வேறு பகாஎண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. எந்த வர்க்க எண்ணும் (ஒன்றைத் தவிர) இதை வகுக்காது. எண்பது என்று மிரட்டிய வேலை பதினேழில் முடிந்தது. வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கண்ணில் படும் கேரள லாட்டரிச் சீட்டுகளில் எழுத்துகளோடு ஆறு இலக்க எண் இருக்கும். பரிசு விழாத சீட்டை வீசும் முன் இந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். ஆறு இலக்க எண் எதுவானாலும் ஆயிரத்துக்குள் உள்ள 168 பகாஎண்களுக்கு மேல் போக வேண்டியதே இல்லை.

நான்காம் படி: வகுத்திகளும் அவற்றின் கூட்டுத்தொகையும்

பகாக் காரணிகள் கைக்கு வந்த பிறகு மற்றவை தாமாக வரும். ஒவ்வொரு பகாக் காரணியையும் எடுத்துக்கொள்வது அல்லது விடுவது என இரண்டே வாய்ப்பு. 2 × 2 × 2 × 2 = 16 வகுத்திகள்:

1, 2, 5, 10, 47, 94, 235, 470, 3643, 7286, 18215, 36430, 171221, 342442, 856105, 1712210

இரு முனைகளிலிருந்தும் ஜோடி சேர்த்துப் பெருக்கிக்கொண்டே வந்தால் நடுவில் 470 × 3643 சந்திக்கும். இதைவிட நெருக்கமான இரு காரணிகளாக இந்த எண்ணை உடைக்க முடியாது.

கூட்டுத்தொகைக்குப் பதினாறையும் கூட்டத் தேவையில்லை. (1+2)(1+5)(1+47)(1+3643) என்ற பெருக்கலை விரித்தால் பதினாறு வகுத்திகளும் தலா ஒரு முறை வரும். 3 × 6 × 48 × 3644 = 3148416. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 1436206. தன்னை விடச் சிறிய வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னை எட்டாத எண்ணைக் குறைவெண் என்பார்கள். 6, 28 போலச் சரியாக எட்டுபவை செவ்விய எண்கள். இது குறைவெண்.

1712210 வரை உள்ள எண்களில் இதனோடு 1 தவிர வேறு பொதுக்காரணி இல்லாதவை எத்தனை? ஆய்லர் காட்டிய வழியில் (2−1)(5−1)(47−1)(3643−1) = 4 × 46 × 3642 = 670128. நூற்றுக்கு 39 பேர். இரண்டாலும் ஐந்தாலும் வடிகட்டியபோதே 40 ஆகிவிட்டது. 47-ம் 3643-ம் சேர்ந்து ஒன்றைக்கூட முழுதாகக் குறைக்கவில்லை. சிறிய பகாஎண்களே பெருமளவு வடிகட்டும் என்பது இதில் தெரிகிறது.

ஐந்தாம் படி: வர்க்கங்களாக எழுத முடியுமா?

எனக்குப் பிடித்த பகுதி இது. நம் எண் இரு வர்க்கங்களின் வித்தியாசமா? a² − b² என்பது (a−b)(a+b). அந்த இரண்டும் ஒற்றையாக இருக்கும், அல்லது இரண்டும் இரட்டையாக இருக்கும். ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை என்று அமையாது. ஆகவே பெருக்கற்பலன் ஒற்றைப்படை எண்ணாக அல்லது நான்கின் மடங்காகவே வரும். 1712210-ஐ நான்கால் வகுத்தால் மீதி 2. முடியாது என்று ஒரே வரியில் தீர்ந்தது.

இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையா? பெர்மா கண்டு ஆய்லர் நிறுவிய விதி இங்கே உதவும்: நான்கால் வகுத்தால் மீதி 3 வரும் பகாஎண் எதுவும் காரணிப் பட்டியலில் ஒற்றைப்படைத் தடவை வரக்கூடாது. 47-ஐ நான்கால் வகுத்தால் மீதி 3. 3643-ஐ வகுத்தாலும் மீதி 3. இரண்டும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. ஒரு தடை போதும், இங்கே இரண்டு இருக்கின்றன. காரணிப்படுத்தாமல் விட்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்க நூற்றுக்கணக்கான வர்க்கங்களைக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று வர்க்கங்கள்? லெஜாந்தர் நிறுவியபடி, நான்கின் அடுக்கு ஒன்றால் 8k + 7 என்ற வடிவ எண்ணைப் பெருக்கி வருபவை மட்டுமே மூன்று வர்க்கங்களாக உடையாதவை. நம் எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 2. நான்கால் வகுபடவும் இல்லை. எனவே கட்டாயம் உடையும். "உடையும்" என்பதோடு விதி நின்றுகொள்கிறது. எப்படி என்பதை நாம்தான் தேட வேண்டும். முதலில் எண்ணுக்குள் அடங்கும் மிகப் பெரிய வர்க்கத்தை எடுத்துப் பார்ப்போம். 1308² = 1710864. மிச்சம் 1346 = 2 × 673. 673 பகாஎண், நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே 1346 இரு வர்க்கங்களாக உடையும். 35² = 1225, மிச்சம் 121 = 11².

1712210 = 1308² + 35² + 11²

முதல் முயற்சியிலேயே அகப்பட்டது அதிர்ஷ்டம். வேறு எண்ணுக்கு 1307, 1306 என்று சில படிகள் இறங்க வேண்டியிருக்கலாம்.

ஆறாம் படி: வேறு உடையில்

இரண்டின் அடுக்குகளாகப் பிரித்தால் 1048576 + 524288 + 131072 + 8192 + 64 + 16 + 2. இரும முறையில் 110100010000001010010. மொத்தம் 21 இடங்கள், ஏழு ஒன்றுகள். கடைசியில் ஒரே ஒரு பூச்சியம்: இரண்டால் ஒரு முறை மட்டும் வகுபடும் என்று முன்பே கண்டதையே அது வேறு விதமாகச் சொல்கிறது. பத்து இலக்க முறையில் ஏழு இலக்கங்கள், இங்கே ஏழு ஒன்றுகள், சொல்லிலும் எண்ணத்தக்க எழுத்துகள் ஏழு. முதலும் மூன்றும் ஒன்றுபடுவது விதிப்படி. நடுவில் உள்ளது வெறும் தற்செயல்.

ஏழாம் படி: ஏழின் மீதியும் கிழமையும்

இந்த எண்ணைக் கட்டியவர் இதன் காரணிகளுக்காகக் கட்டவில்லை. நாளைக் குறிக்கக் கட்டினார். கலியுகத் தொடக்கம் ஜூலியன் நாட்காட்டிப்படி கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அந்த நாளை 0 என்று வைத்துக்கொண்டால் மீதி 0 வெள்ளி, 1 சனி, 2 ஞாயிறு, 3 திங்கள். நாம் ஓரமாகக் குறித்து வைத்த மீதி 3.

ஆண்டைக் காண: 4687 ஜூலியன் ஆண்டுகளுக்கு மிகை நாட்கள் உட்பட 1711927 நாட்கள். கி.மு. 1-ஐ அடுத்து நேராக கி.பி. 1 வருகிறது, இடையில் பூச்சிய ஆண்டு இல்லை என்பதை மறக்கக்கூடாது. எனவே 4687 ஆண்டுகள் கழிந்து நிற்பது 1586 பிப்ரவரி 18. மிச்சம் 283 நாட்கள். அது 1586 நவம்பர் 28-இல் கொண்டுவிடும். இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கில் பத்து நாள் கூட்டி டிசம்பர் 8, திங்கட்கிழமை.

தொடக்க நாளையே 1 என்று எண்ணினால் எல்லாம் ஒரு நாள் முன்னே நகர்ந்து நவம்பர் 27, ஞாயிறு ஆகிவிடும். கழிந்த நாட்களை எண்ணுகிறோமா, நடக்கும் நாளை எண்ணுகிறோமா என்பதே வேறுபாடு. பஞ்சாங்கக் கணக்குகளில் ஒரு நாள் இடிக்கிறது என்று சண்டை வந்தால் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். கேரளத்தின் கொல்லம் ஆண்டில் இது 762 விருச்சிகம் 28. நம் கணக்கில் கார்த்திகை மாதம்.

பழகிப் பார்க்க இன்னோர் எண்

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலப் பிரிவினை நடைமுறைக்கு வந்த நாள். அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போனது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. கலியுகத் தொடக்க நாளை 0 என்று வைத்து எண்ணினால் அதன் கலிநாள் 1847313.

மும்மூன்றாக வெட்டினால் 313 − 847 + 1 = −533. 533 = 13 × 41. எனவே 13 ஒரு காரணி. ஏழால் வகுத்தால் 533-இன் மீதி 1. எதிர்மறை எண்ணாதலால் 6. வெள்ளியிலிருந்து ஆறு நாள் எண்ணினால் வியாழன். அன்று வியாழக்கிழமைதான். 1712210-ஐ இதிலிருந்து கழித்தால் 135103, ஏழால் வகுக்க மீதி 3. திங்களிலிருந்து மூன்று நாள் நகர்ந்தாலும் வியாழனே வருகிறது.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 27 என்பதால் ஒன்பதால் வகுபடும்: 205257. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 21. இன்னொரு மூன்று வெளியே வரும்: 68419. தெரிந்த 13-ஐ எடுத்தால் 5263. அதை 7, 11, 13, 17 வகுக்கவில்லை. 19 வகுக்கிறது: 277. இது பகாஎண்.

1847313 = 3³ × 13 × 19 × 277

மூன்று மூன்று முறை வருவதால் அதற்கு 0 முதல் 3 வரை நான்கு வாய்ப்புகள்; ஆக 4 × 2 × 2 × 2 = 32 வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகைக்கு (1+3+9+27) × 14 × 20 × 278 = 3113600. முப்பத்திரண்டு வகுத்திகள் இருந்தும் இதுவும் குறைவெண்தான். இது ஒற்றைப்படை எண் என்பதால் இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியும்: அடுத்தடுத்த இரு எண்களை எடுத்தால் 923657² − 923656². கூட்டுத்தொகையாக எழுத முடியாது. 3-ம் 19-ம் ஒற்றைப்படைத் தடவை வருகின்றன. மூன்று வர்க்கங்களாக உடையுமா என்பதற்கு எட்டால் வகுத்தால் வரும் மீதி 1 விடை சொல்லிவிடும். எந்த மூன்று என்பதை 1359-இலிருந்து தொடங்கித் தேடுங்கள்.